விண்டோஸில் எழுதிய ஃபைல் லினக்ஸில் உடைகிறது: வரி முடிவை யார் தீர்மானிப்பது?

முதல்கமிட் எழுதியது:

இரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது கை கொடுங்கள். பைத்தானில் ஒரு சின்ன ப்ரோக்ராம். டேட்டாபேஸிலிருந்து விவரங்களை எடுத்து மூன்று ஃபைல் எழுதும்: ஒரு சிஎஸ்வி, ஒரு செட்டிங்ஸ் ஃபைல், சர்வரில் ஓட்ட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். லினக்ஸில் ஓட்டினால் மூன்றும் ஒழுங்காக வருகின்றன. அதே ப்ரோக்ராமை விண்டோஸ் லேப்டாப்பில் ஓட்டி, வந்த ஃபைல்களைச் சர்வரில் ஏற்றினால் மூன்றுமே ஏதோ ஒரு விதத்தில் கெட்டுப்போகின்றன.

ஸ்கிரிப்டை ஓட்டினால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. எல்எஸ் போட்டுப் பார்த்தால் கண் முன்னால் இருக்கிறது, ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. சிஎஸ்வியை எக்செலில் திறந்தால் ஒவ்வொரு வரிக்கு நடுவிலும் ஒரு காலி வரி. செட்டிங்ஸ் ஃபைல் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஆனால் லினக்ஸில் 48,210 பைட், விண்டோஸில் 49,350 பைட், அதனால் செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்துவதில்லை.

இது வரி முடிவுப் பிரச்சினை என்று எங்கோ படித்துவிட்டு, புது வரிக்காக பேக்ஸ்லாஷ் என் போட்டிருந்த இடத்திலெல்லாம், மெஷினின் வரி முடிவைத் தரும் ஓஎஸ் டாட் லைன்செப் என்று மாற்றினேன். அதுதான் முறை என்று நினைத்தேன். அப்புறம் செட்டிங்ஸ் ஃபைலிலும் காலி வரி வர ஆரம்பித்துவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

பைட்_எண்ணி எழுதியது:

செட்டிங்ஸ் ஃபைலில் மொத்தம் எத்தனை வரி என்று டபிள்யூசி கட்டளை போட்டுச் சொல்லுங்கள். 1,140 என்று வந்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை, வரிக்கு ஒரு பைட் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

முதல்கமிட் எழுதியது:

அப்படியே 1,140 தான்!

பைட்_எண்ணி எழுதியது:

சரி, அப்படியானால் உங்கள் மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒருமுறை பைட் அளவில் பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்காது.

வரி முடிவைக் குறிக்கக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் உண்டு, ஃபைலில் ஒவ்வொன்றும் ஒரு எண்ணாக இருக்கும். லைன் ஃபீட் என்பது எண் 10. கேரேஜ் ரிட்டர்ன் என்பது எண் 13. லினக்ஸும் இன்றைய மேக்கும் வரியை 10 என்ற ஒரே பைட்டால் முடிக்கின்றன. விண்டோஸில் வழக்கம் 13, 10 என்று இரண்டு பைட். நீங்கள் பைத்தானில் ஃபைலை டெக்ஸ்ட் மோடில் திறந்து பேக்ஸ்லாஷ் என், அதாவது 10, எழுதினால், பைத்தான் அதை அப்படியே எழுதுவதில்லை. எந்த மெஷினில் ஓடுகிறதோ அந்த மெஷினின் வழக்கத்துக்கு மாற்றித்தான் எழுதுகிறது. விண்டோஸில் ஒவ்வொரு 10-க்கு முன்னாலும் ஒரு 13 சேர்ந்துவிடுகிறது. உங்கள் 1,140 பைட் வந்தது அப்படித்தான்.

இப்போது லைன்செப் கதை. விண்டோஸில் லைன்செப்பின் மதிப்பே 13, 10. அதை டெக்ஸ்ட் மோடில் எழுதினால் 13 அப்படியே போகிறது, பின்னால் வரும் 10-ஐப் பைத்தான் மறுபடி 13, 10 ஆக்குகிறது. ஃபைலில் விழுவது 13, 13, 10. திரும்பப் படிக்கும்போது தனியாக நிற்கும் 13 ஒரு வரி முடிவு, 13, 10 இன்னொரு வரி முடிவு, ஆக நடுவில் காலி வரி. டெக்ஸ்ட் மோடில் எழுதும்போது லைன்செப் போடாதீர்கள் என்று பைத்தான் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

சிஎஸ்வியிலும் அதே 13, 13, 10 தான், ஆனால் வந்த வழி வேறு. சிஎஸ்வி ரைட்டர் எந்த மெஷினில் ஓடினாலும் வரியை 13, 10 என்றே முடிக்கும், லினக்ஸிலும்கூட. அதன் அடியில் இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல் விண்டோஸில் இன்னொரு 13 சேர்த்துவிடும். இதற்காகத்தான் சிஎஸ்வி ஃபைலைத் திறக்கும்போது நியூலைன் என்ற ஆர்க்யுமென்ட்டுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுத்தால் கீழ் அடுக்கு எதையும் தொடாது.

ஸ்கிரிப்ட் விஷயம்தான் ஆளை அதிகம் அலைக்கழிப்பது. முதல் வரியில் எந்த ஷெல்லில் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருப்பீர்கள் அல்லவா, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை 10 வரும்வரை படித்து அதுதான் ஓட்ட வேண்டிய ப்ரோக்ராமின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. 10-க்கு முன்னால் இருக்கும் 13-ம் பெயரில் சேர்ந்துவிடும். பாஷ் என்ற ஷெல் இருக்கிறது, "பாஷ் கூட்டல் 13" என்ற பெயரில் எதுவும் இல்லை. இல்லை என்று அது சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்ட வேண்டிய ஷெல்லை.

ஓடி என்ற கட்டளைக்குச் சிறிய சி ஆப்ஷன் கொடுத்து ஃபைலைப் பாருங்கள். வரிக் கடைசியில் பேக்ஸ்லாஷ் ஆர் (13), பேக்ஸ்லாஷ் என் (10) ஜோடியாக நிற்கும். கேட் கட்டளைக்குப் பெரிய ஏ ஆப்ஷன் போட்டால் கேரட் எம், டாலர் என்று தெரியும். எம் ஆங்கிலத்தில் 13-வது எழுத்து, கன்ட்ரோல் எம் அழுத்தினால் போவது 13. கன்ட்ரோல் ஜே 10.

செய்ய வேண்டியது: லைன்செப்பை எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள், பழையபடி பேக்ஸ்லாஷ் என் போடுங்கள். ஸ்கிரிப்டையும் செட்டிங்ஸையும் திறக்கும்போது நியூலைன் ஆர்க்யுமென்ட்டுக்கு பேக்ஸ்லாஷ் என் கொடுங்கள், எந்த மெஷினிலும் 10 மட்டுமே எழுதும். சிஎஸ்விக்கு வெற்று ஸ்ட்ரிங். பாத்லிப்பில் ரைட் டெக்ஸ்ட் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பைத்தான் 3.10-லிருந்து அதற்கும் இந்த ஆர்க்யுமென்ட் உண்டு.

நீலத்திரை எழுதியது:

> எந்த மெஷினிலும் 10 மட்டுமே எழுதும்

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெஷினின் வழக்கத்தை மதிக்கத்தானே ஒவ்வொரு மொழியிலும் இதற்கென்று வசதி வைத்திருக்கிறார்கள்? விண்டோஸ் பயனர் ஒருவர் என் ப்ரோக்ராம் எழுதிய லாக் ஃபைலை நோட்பேடில் திறந்து எல்லாம் ஒரே வரியாக ஓடுவதைப் பார்த்து, ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று எனக்கு மெயில் போட்டிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? லினக்ஸ்காரர்கள் எப்போதும் தங்கள் வழக்கத்தையே உலக வழக்கமாகப் பேசுகிறார்கள்.

பைட்_எண்ணி எழுதியது:

அந்த நோட்பேட் தொல்லை உண்மையாகவே இருந்தது, மறுக்கவில்லை. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்துவிட்டது, அதற்கப்புறம் வந்த நோட்பேட் 10 மட்டும் இருந்தாலும் வரியாகவே காட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது லினக்ஸ் வழக்கம் உயர்ந்தது என்று அல்ல. ஃபைலை எந்த மெஷின் எழுதுகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், யார் படிக்கப்போகிறார்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள் என்கிறேன். முதல்கமிட்டின் ஸ்கிரிப்டைப் படிக்கப்போவது லினக்ஸ் கெர்னல். அதை விண்டோஸில் எழுதினால் என்ன, வேறெங்கே எழுதினால் என்ன, அதற்குத் தேவை 10. நீங்கள் லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்கு ஒரு பேட்ச் ஃபைல் உருவாக்கினால் 13, 10 தான் எழுத வேண்டும், 10 மட்டும் வைத்தால் அதை ஓட்டும் சிஎம்டி சில நேரம் கோடூ போகவேண்டிய லேபிளைக் கண்டுபிடிக்காமல் நின்றுவிடும். லாக் ஃபைல் அதே மெஷினில் இருக்கும் ஆளே படிப்பது, அங்கே மெஷினின் வழக்கம் சரிதான், உங்கள் பயனர் கேட்டது நியாயம். "மெஷினின் வழக்கம்" என்பது ஒரு முடிவாக இருக்கலாம். யாரும் யோசிக்காமலே வந்து விழுவதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பழையவிசை எழுதியது:

இந்த இரட்டை பைட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். கம்பி வழியாக வரும் எழுத்துகளைக் காகிதத்தில் அடித்த டெலிடைப் இயந்திரங்களின் காலத்து மிச்சம் இது. மாடல் 33 என்ற டெலிடைப் வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். கேரேஜ் ரிட்டர்ன் என்றால் அச்சடிக்கும் பகுதி இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், லைன் ஃபீட் என்றால் காகித உருளை ஒரு வரி நகர வேண்டும். இரண்டும் வேறு வேறு அசைவு, அதனால் வேறு வேறு குறி. வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு வர ஒரு எழுத்து அடிக்கும் நேரம் போதாது. ரிட்டர்னை முதலில் அனுப்பி ஃபீடை அப்புறம் அனுப்பினால், காகிதம் நகரும் நேரத்தில் தலையும் வந்து சேர்ந்துவிடும். வரிசை மாறாமல் 13 முதலில், 10 பிறகு என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த எழுத்தை அவசரமாக அனுப்பினால் தலை திரும்பிக்கொண்டிருக்கும்போதே வரி நடுவில் எங்கேயாவது கறையாக விழும்.

யுனிக்ஸுக்கு முந்தைய ஓஎஸ்ஸான மல்டிக்ஸ் செய்தவர்கள் இந்த இயந்திர விவகாரம் ஃபைலுக்குள் எதற்கு என்று யோசித்து, ஃபைலில் 10 மட்டும் வைத்துக்கொண்டு, டெலிடைப்புக்கு அனுப்பும்போது டிரைவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். யுனிக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. மறுபக்கம் சிபிஎம் என்ற ஓஎஸ் இரண்டு பைட்டையும் ஃபைலிலேயே வைத்தது, அதிலிருந்து டாஸ், டாஸிலிருந்து விண்டோஸ். பழைய மேக் 13 மட்டும் வைத்தது, 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் யுனிக்ஸ் அடித்தளத்தில் வந்தபோது 10-க்கு மாறியது. எனக்கு மல்டிக்ஸ் முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு. காகிதம் நகர்த்தும் வேலையையும் "வரி முடிந்தது" என்ற பொருளையும் அவ்வளவு சீக்கிரமே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கிளைக்காவலர் எழுதியது:

ப்ரோக்ராமைத் திருத்தினாலும், கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட் வழியாக இது மறுபடி உள்ளே வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் கிட் நிறுவும்போது, வரி முடிவைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங் பற்றி ஒரு கேள்வி வரும். பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே நெக்ஸ்ட் அழுத்துகிறார்கள். அது ட்ரூ என்று இருந்தால், ரெப்போவிலிருந்து எடுக்கும்போது 10 எல்லாம் 13, 10 ஆகும், கமிட் செய்யும்போது திரும்ப 10 ஆகும். கிட்டுக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் தொல்லை தெரியாது. ஆனால் அந்த ஃபோல்டரை அப்படியே டாக்கர் இமேஜுக்குள் காப்பி செய்தால் 13-ம் கூடவே போகும், உள்ளே லினக்ஸ், உங்கள் தொடக்க ஸ்கிரிப்ட் "இல்லை" என்று விழும். இந்த ஒரு தவறை மட்டும் நான் பார்த்த எண்ணிக்கை கொஞ்சநஞ்சம் இல்லை.

ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் செட்டிங் சரியாக இருக்கும் என்று நம்பி ஒரு டீம் ஓடவே முடியாது. ரெப்போவுக்குள்ளேயே கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல் ஒன்று வையுங்கள், அதில் இருப்பது தனிப்பட்ட செட்டிங்கை மீறும். எல்லா ஃபைலுக்கும் டெக்ஸ்ட் ஆட்டோ, ஷெல் ஸ்கிரிப்டுக்கு இஓஎல் எல்எஃப் (10), பேட்ச் ஃபைலுக்கு இஓஎல் சிஆர்எல்எஃப் (13, 10), படங்களுக்கு பைனரி. வைத்த பிறகு கிட் ஆட் உடன் ரீநார்மலைஸ் கொடுத்து அதை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். வேறு எந்தத் திருத்தத்தோடும் கலக்காதீர்கள், தயவுசெய்து. கலந்தால் அந்த டிஃப்பைப் படிக்கவே முடியாது, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேமில் எல்லா வரியும் உங்கள் பெயரில் வரும். எந்த ஃபைல் உள்ளே எப்படி, வெளியே எப்படி என்று பார்க்க எல்எஸ்ஃபைல்ஸ் கட்டளைக்கு இஓஎல் ஆப்ஷன் கொடுங்கள்.

எடிட்டருக்கு இதே விதியைச் சொல்ல எடிட்டர்கான்ஃபிக் ஃபைல் ஒன்று போட்டுவிட்டால் போதும்.

முதல்கமிட் எழுதியது:

எங்கள் டீமில் ஒருவர் ஜாவாவில், ஒருவர் கோ மொழியில் எழுதுகிறார்கள். அவர்களுக்கும் இதே கதைதானா?

பைட்_எண்ணி எழுதியது:

மொழிக்கு மொழி மாறும், அதைத் தெரியாமல் ஒரு மொழிப் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வோம். சி மொழி பைத்தான் மாதிரிதான், டெக்ஸ்ட் மோடில் திறந்தால் விண்டோஸில் 13 சேரும், மோடில் பி சேர்த்து பைனரியாகத் திறந்தால் சேராது. ஜாவாவில் பிரிண்ட்எல்என் மெஷினின் வழக்கத்தை எழுதும், ஆனால் ஸ்ட்ரிங்குக்குள் நீங்கள் போட்ட பேக்ஸ்லாஷ் என்னை யாரும் தொடமாட்டார்கள். இரண்டையும் ஒரே ஃபைலில் கலந்து எழுதினால் விண்டோஸில் பாதி வரி ஒரு மாதிரி, பாதி வரி இன்னொரு மாதிரி முடியும். கோ எதையும் மாற்றாது, கொடுத்ததை எழுதும், படிக்கும்போது ஸ்கேனர் கடைசி 13-ஐ மட்டும் உதிர்த்துவிடும். ரஸ்ட்டும் எழுதும்போது எங்கும் 10 தான்.

நெட்வொர்க்கில் போவது தனி. எச்டிடிபி 1.1 ஹெடர், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி எல்லாம் 13, 10 என்றுதான் விதி, லினக்ஸில் ஓடினாலும். எஸ்எம்டிபியில் சில சர்வர்கள் வெறும் 10-ஐயும் ஏற்றுக்கொண்டன, சில ஏற்கவில்லை. ஒரு மெயில் எங்கே முடிகிறது என்பதில் இரண்டு சர்வருக்கு இரண்டு கருத்து இருந்தால், ஒரு மெயிலுக்குள் இன்னொரு போலி மெயிலை ஒளித்து அனுப்ப வழி கிடைக்கிறது. 2023 டிசம்பரில் எஸ்எம்டிபி ஸ்மக்லிங் என்று வெளிவந்தது இதைப் பற்றித்தான். வரி முடிவு வெறும் அழகு விஷயம்தானே என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இரவுப்பணி எழுதியது:

படிக்கும் பக்கத்தையும் சொல்லுங்கள். எனக்கு நடந்தது: ஒரு செட்டிங்ஸ் ஃபைலிலிருந்து ஷெல்லில் பாஸ்வேர்டைப் படித்து டேட்டாபேஸுக்குக் கொடுக்கிறோம், பாஸ்வேர்ட் தவறு என்கிறது. லாகில் அச்சடித்துப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து சரி. கையால் தட்டினால் உள்ளே விடுகிறது. கடைசியில் அதன் நீளத்தை எண்ணிப் பார்த்தபோது 12 இருக்க வேண்டிய இடத்தில் 13. கடைசி எழுத்து கேரேஜ் ரிட்டர்ன், திரையில் ஒரு தடயமும் காட்டாது. சந்தேகம் வந்தால் மதிப்பை இரண்டு சதுர அடைப்புக்குள் வைத்து அச்சடித்துப் பாருங்கள். 13 இருந்தால் கர்சர் வரித் தொடக்கத்துக்குப் போய்விடும், மூடும் அடைப்பு வரியின் முதல் எழுத்தின் மேலேயே வந்து உட்காரும். அதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

நீலத்திரை எழுதியது:

அதற்குத்தான் நான் எதைப் படித்தாலும் ஸ்ட்ரிப் போட்டுவிடுவேன்.

பைட்_எண்ணி எழுதியது:

அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. வெறும் ஸ்ட்ரிப் இரு பக்கமும் உள்ள ஸ்பேஸ், டேப் எல்லாவற்றையும் எடுத்துவிடும். டேப்பால் பிரித்த ஃபைலில் கடைசிக் கட்டங்கள் காலியாக இருந்தால் அந்த டேப்புகளும் போய்விடும், கட்டங்களின் எண்ணிக்கை குறையும். கடைசியில் இருக்கும் 10-ஐயும் 13-ஐயும் மட்டும் எடுங்கள். ஸ்பிளிட்லைன்ஸும் பார்த்துப் பயன்படுத்த வேண்டியது, அது யூனிகோடின் 2028, 2029 குறிகள், பக்க மாற்றக் குறி எல்லாவற்றிலும் வரியை வெட்டும். ஜேசானில் ஸ்ட்ரிங்குக்குள் 2028 அப்படியே வரலாம், அதை வரிவரியாக வெட்டினால் நடுவில் உடையும்.

பழையவிசை எழுதியது:

யூனிகோடு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. மலையாளத்தின் "ஊ" எழுத்துக்கு யுடிஎஃப் 16 என்ற குறியீட்டு முறையில் வரும் இரண்டு பைட், பெரிய பைட் முதலில் வரும் முறையில், சரியாக 13, 10. பைட் பைட்டாகப் பார்த்து வரி முடிவை மாற்றும் கருவிக்கு அந்த எழுத்தே ஒரு வரி முடிவு. குர்முகியின் "ஊ" 10, 10. யுடிஎஃப் 8-ல் இந்த ஆபத்து இல்லை, ஆங்கிலம் தவிர்த்த எழுத்துகளின் பைட் எதுவும் 128-க்குக் கீழே வராது. ஆகவே எழுத்தாக டீகோட் செய்த பிறகு வரி முடிவைத் தொடுங்கள், அதற்கு முன்னால் தொடாதீர்கள்.

படங்கள் கெடுவதும் இதே வகை. எஃப்டிபியில், வரி முடிவை மாற்றும் ஆஸ்கி மோடில் அனுப்பி எத்தனையோ ஃபைல் வீணாகியிருக்கின்றன. பிஎன்ஜி வடிவத்தை வகுத்தவர்கள் அதை மனதில் வைத்தே முதல் எட்டு பைட்டை 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று அமைத்தார்கள். 13, 10 ஐ யாராவது 10 ஆக்கினாலும் தெரிந்துவிடும், கடைசி 10-ஐ 13, 10 ஆக்கினாலும் தெரிந்துவிடும். நடுவில் 26 டாஸில் ஃபைல் முடிவுக் குறி, தவறுதலாகத் திரையில் கொட்டினால் அங்கேயே நின்றுவிடும். இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு அனுபவம்.

முதல்கமிட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லைன்செப்பை எடுத்துவிட்டேன், மூன்று ஃபைலுக்கும் நியூலைனை வெளிப்படையாகக் கொடுத்தேன். ஸ்கிரிப்ட் ஓடுகிறது, சிஎஸ்வி சுத்தம், செட்டிங்ஸ் இரண்டு மெஷினிலும் 48,210 பைட், செக்சமும் ஒன்று. கிட்ஆட்ரிப்யூட்ஸும் போட்டாயிற்று, தனி கமிட்டாக.

ஆனால் ஓடி கட்டளை போட்டுப் பார்த்தபோது செட்டிங்ஸ் ஃபைலில் இன்னும் ஒன்பது இடத்தில் 13, 10 இருக்கிறது. லினக்ஸில் எழுதியதிலும் அதே ஒன்பது. முன்பே இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. எல்லாம் "குறிப்பு" என்ற ஒரே ஃபீல்டிலிருந்து வருகிறது.

இரவுப்பணி எழுதியது:

அந்தக் குறிப்பை வெப் ஃபார்மில் டெக்ஸ்ட்ஏரியாவில் தட்டியிருப்பார்கள். ஃபார்மை அனுப்பும்போது பிரவுசர் எந்த ஓஎஸ்ஸாக இருந்தாலும் வரி முடிவை 13, 10 ஆக்கித்தான் அனுப்பும், எச்டிஎம்எல் விதி அது. உங்கள் டேட்டாபேஸில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நியூலைன் ஆர்க்யுமென்ட் உங்கள் 10-க்கு 13 சேர்க்காது, அவ்வளவுதான், டேட்டாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் 13-ஐ எடுக்காது. ஃபார்மை வாங்கும் இடத்திலேயே 10 ஆக்கிச் சேமியுங்கள், பழைய வரிசைகளை ஒரு அப்டேட்டில் மாற்றிவிடுங்கள்.

முதல்கமிட் எழுதியது:

ஆமாம், டெக்ஸ்ட்ஏரியாதான். வாங்கும் இடத்தில் மாற்றிவிட்டேன், பழையதையும் திருத்தியாயிற்று. இப்போது ஃபைல் 48,201 பைட், 13 ஒன்றுகூட இல்லை.